ஊதுபத்தி வைத்துப் பார்த்த அறை

இப்போது எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் பசுமை வீடு கேட்கிறார்களாம். படுக்கையறைச் சுவர் மூச்சு விட வேண்டும், குளித்த தண்ணீர் செடிக்குப் போக வேண்டும், பெயின்ட் வாடையே வரக்கூடாது என்று செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். ராஜபாளையம் ரோட்டில் ஆபீஸ் போட்டிருக்கும் கார்த்திகா என்ற இன்ஜினியர் பெண் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே நீங்கள் இதையெல்லாம் செய்திருக்கிறீர்களாமே, எங்களை மாதிரி ஆட்களுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது. அந்தக் காலம் என்று சொன்னதில் எனக்குச் சின்னக் கோபம். நான் வேலையை விட்டு ஒன்றும் யுகம் ஆகிவிடவில்லை. முட்டி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் இன்றைக்கும் சாரத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

சுண்ணாம்பை எப்படி ஊற வைப்பது, ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தால் ஒரே ஒரு வீடுதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. அந்த வீட்டைச் சொல்லாமல் சுண்ணாம்பை மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கையாளாக வேலைக்கு வந்து, கொத்தனாராகி, கடைசியில் குற்றாலிங்கம் சாரிடம் சூப்பர்வைசராக ஒட்டிக்கொண்டவன். கல் சுமந்ததும் திட்டு வாங்கியதும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள கதை, அதை விட்டுவிடலாம். சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கனம். எந்த வீட்டிலும் காபி குடிக்க மாட்டார், குடித்தால் அப்புறம் தாட்சண்யம் வந்துவிடுமாம். புதிதாக ஒருவர் வீடு கட்ட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தால், மற்ற இன்ஜினியர்கள் இடம் எவ்வளவு, எத்தனை ரூம் என்று கேட்பார்கள். சார் முதலில் கேட்பது, "வீட்டுல யாரு இருமுதா?" சிவகிரியில் இருந்து வந்த ஒரு பெரிய மனிதர் இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் வீடு கட்ட வந்தோமா ஆஸ்பத்திரிக்கு வந்தோமா என்று எழுந்து போய்விட்டார். போனால் போகட்டும் என்று சார் மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டார். அவருக்கு ஆட்களைப் பிடித்து வைக்கத் தெரியாது.

தொழில் மட்டும் சுத்தம். எங்கள் பக்கம் காற்று மேற்கே இருந்து வரும். ஆனி, ஆடியில் அது கரிசல் புழுதியைச் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். அதனால் இங்கே பலர் மேற்குச் சுவரில் ஜன்னலே வைப்பதில்லை. வைத்தாலும் திறப்பதில்லை. சார் படுக்கையறைக்கு மேற்கில் சின்ன ஜன்னல், கிழக்கில் பெரிய ஜன்னல் வைப்பார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம் வைக்கச் சொல்வார், ஜன்னலுக்குச் சன்னமான வலை அடிப்பார். உள்ளே வருகிற காற்று அடங்கி வர வேண்டும், வெளியே போகிற காற்று தாராளமாகப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. படுக்கையறைச் சுவருக்குச் சுண்ணாம்புதான். தொட்டியில் ஊற வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. பீரோ, பெட்டி எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. சாமான்களுக்கெல்லாம் நடையில் இடம் ஒதுக்கிவிடுவார்.

குளியலறை என்றால் தரையின் வாட்டம்தான் அவருக்கு உயிர். ரசமட்டம் வைத்துப் பார்த்ததோடு விட மாட்டார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொல்லிவிட்டு எங்களை டீ குடிக்க அனுப்புவார். திரும்பி வரும்போது எங்காவது ஒரு மூலையில் உள்ளங்கை அளவு ஈரம் தேங்கி நின்றால் போச்சு, அத்தனை கல்லையும் பெயர்க்க வேண்டும். மேலே உள்ள வெண்டிலேட்டர் நேராக வானத்தைப் பார்த்துத் திறக்க வேண்டும், வேறு எந்த அறையையும் பார்க்கக்கூடாது. குளித்த தண்ணீர் பின்பக்கம் கல்வாழைப் பாத்திக்குப் போகும்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் கடைசிப் பரீட்சை. எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு, தலைமாடு வரப்போகிற மூலையில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பார். சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து புகையையே பார்த்துக்கொண்டிருப்பார். புகை நேராக எழுந்து கிழக்கு ஜன்னலைத் தேடிப் போனால் எழுந்து வந்துவிடுவார். அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றால், வெள்ளையடித்து முடித்த சுவர் என்றுகூடப் பார்க்காமல் உடைக்கச் சொல்வார். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நானும் உடைத்திருக்கிறேன்.

வேலுச்சாமி அண்ணாச்சி எங்களிடம் வந்தது இப்படி ஒரு வெயில் காலத்தில். குருவிகுளம் பக்கத்துக்காரர், வத்தல் வியாபாரி. அவர் உள்ளே வரும்போதே சட்டையோடு சேர்ந்து மிளகாய் நெடியும் உள்ளே வந்தது, நான் இரண்டு தும்மல் போட்டேன். சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த மனிதருக்கு முகம் மாறிவிட்டது. ஒரே மகள், கோமதி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, அவளுக்கு இளைப்பு என்றார். படுத்தால் மூச்சு வாங்குகிறது, தலையணையை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள் என்றார். ஊர் வீட்டில் வத்தல் மூட்டைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சார் கேட்டார். மழைக்கு நனைந்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்ளேதான் அடுக்கியிருக்கிறேன் என்றார் அண்ணாச்சி. சொல்லி முடித்துவிட்டு அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

சங்கரன்கோவிலில் அவர் வாங்கிப் போட்டிருந்த இடத்தில் சார் போட்ட வீடு மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கட்டவில்லை. மூட்டைகளுக்கு மண்டியிலேயே தனிக் கொட்டகை. குளியலறையை வீட்டுக்குள் வைக்காமல், பின்வாசலை ஒட்டி வெளியே வைத்தார். மண்டியில் இருந்து வருகிற மனிதர் பின்வாசல் வழியாக வந்து, நெடி பிடித்த துணியை அங்கேயே அவிழ்த்துப் போட்டு, குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அண்ணாச்சி அதை ஒரு விரதம் மாதிரி கடைப்பிடித்தார். மண்டிக்குப் போன மனுசன் கொல்லை வழியாகக் கள்ளன் மாதிரி வருகிறார் என்று அவர் மனைவி சண்முகத்தாய் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது. கோமதியின் அறையில் ஒரு கட்டில், ஒரு கோரைப்பாய், வெயிலில் காயப்போட்டு எடுக்கிற ஒரு போர்வை, அவ்வளவுதான்.

அந்த அறையில் சார் ஊதுபத்தி வைத்தபோது அண்ணாச்சி வாசல்படியில் நின்று, கோயிலில் நிற்கிற மாதிரி கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை எழுந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு கிழக்கு ஜன்னல் வழியாகப் போய்விட்டது. குடிபோய்ச் சில மாதம் கழித்து, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மகளோடு ஆபீசுக்கு வந்தார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் அந்தப் பிள்ளை என் மேஜைப் பக்கம் வந்து, "மாமா, நான் இப்ப படுத்துத் தூங்குதேன்" என்றது. எத்தனையோ வீடுகள் கட்டியிருக்கிறேன். ஒரு வீட்டைப் பற்றி இதைவிடப் பெரிய வார்த்தை நான் கேட்டதில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதைச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

கோமதி வளர்ந்தது, படித்தது, மதுரையில் இருந்து நல்ல வரன் வந்தது. இளைப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. பிள்ளைக்குத்தான் இப்போது குணமாகிவிட்டதே, சொல்லிக் கெடுப்பானேன் என்று சண்முகத்தாயின் எண்ணம். ஆனால் அவர்கள் வீடு பார்க்க வந்தபோது ஒரு பெண் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, என்ன இது, ஆஸ்பத்திரி ரூம் மாதிரி மொட்டையாக இருக்கிறது, பாத்ரூம் ஏன் கொல்லையில் இருக்கிறது என்று சும்மா கேட்டிருக்கிறாள். அண்ணாச்சிக்கு அன்றைக்கே நெஞ்சில் தைத்துவிட்டது. எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

போனோம். மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை கொல்லைக்குப் போய்க் குளிப்பாரா என்று ஆரம்பித்தார். மேற்குச் சுவரை ஒட்டி உள்ளேயே பாத்ரூம் வேண்டும், சுவர் முழுக்க அலமாரி வேண்டும், ஏசி வேண்டும் என்று அடுக்கினார். மேற்கில் பாத்ரூம் வந்தால் மேற்கு ஜன்னல் போய்விடுமே என்று சார் சொல்ல, போகட்டும் சார், ஏசி இருக்கிறதே என்றார். சாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் குரல் ஏறியது.

"நீரு ரூமை மாத்தலவே. பிள்ளைக்கு நோயே கிடையாதுன்னு சுவத்துல எழுதப் பாக்கீரு."

"பொம்பளப் பிள்ள சார். தெரிஞ்சா யாரு கட்டுவா?"

"உம்ம பொய்க்கு என்னால சுவரு வைக்க முடியாது."

அவ்வளவுதான், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணாச்சி வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார். சார் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கேதான் எனக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை. சார் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனால் அந்த அறையை ஒட்டியே பாத்ரூம் கொடுக்க முடியாதா என்றால், முடியும். அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வானம் பார்த்த சந்து விட்டால் போதும், ஜன்னலும் பிழைக்கும், மாப்பிள்ளையும் கொல்லைக்குப் போக வேண்டாம். சாரே வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டுக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார், நான்தான் நின்று கட்டினேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம் அதை எடுத்துச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டும் என்றார். பயந்து போன ஒரு தகப்பனிடம் கோபித்துக்கொண்டு, தான் கட்டியதிலேயே நல்ல அறையை அவர் நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்துவிட்டார். ரோஷம் பெரிதாகிவிட்டது, பிள்ளை மறந்துபோய்விட்டது. அவரிடம் நான் சம்பளம் வாங்கியவன், அதனால் இதை அவர் இருந்தவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

வெளியூரில் இருந்து யாரோ ஒரு ஆளைக் கொண்டுவந்து அவசர அவசரமாக வேலையை முடித்தார்கள். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன். சாப்பிட்டுவிட்டு அறையைப் போய்ப் பார்த்தேன். மேற்கு ஜன்னல் இருந்த இடத்தில் பாத்ரூம் கதவு. பாத்ரூம் வெண்டிலேட்டரில் புழுதி வராமல் இருக்கக் கண்ணாடியை அசையாமல் பொருத்தி, ஈரம் போக வழி வேண்டுமே என்று படுக்கையறைப் பக்கம் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். கிழக்கு ஜன்னலைப் பலகை அலமாரி முக்கால்வாசி மறைத்துவிட்டது. சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு எண்ணெய்ப் பெயின்ட், அதன் நெடி என் கண்ணைக் கரித்தது. கோமதி பட்டுச் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "இப்ப எல்லார் ரூம் மாதிரியும் ஆயிட்டு மாமா" என்றது. அந்த முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது. எல்லாரையும் போல ஓர் அறை வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கும் ஆசை இருந்திருக்கும் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் அதுவரை படவில்லை.

மதுரையில் கோமதி நன்றாகத்தான் இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். பிள்ளை பெற்றவள் உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிழக்கு ஜன்னலில் மிச்சம் இருந்த கால்வாசியையும் துணி வைத்து அடைத்தார்கள். பாத்ரூமில் வெந்நீர் ஊற்றிய ஆவி துவாரம் வழியாக உள்ளே வந்து, அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சாணம் பிடித்திருந்தது. அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றி, தலை காயட்டும் என்று கதவைச் சாத்திச் சாம்பிராணிப் புகை போட்டார்கள். பட்டப்பகலில்தான் நடந்தது. மண்டியில் இருந்த அண்ணாச்சிக்கு ஆள் போய்ச் சொல்லி அவர் ஓடி வருவதற்குள் கோமதிக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பால் வற்றிப்போய், பிள்ளையைப் புட்டிப்பாலில் வளர்க்கும்படி ஆகிவிட்டது.

நான் ஆபீசுக்குப் போய்ச் சாரிடம் சொன்னேன். வரைந்துகொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். நான் கிளம்ப எழுந்தபோது, "அன்னைக்கு நான் திரும்பிப் போயிருக்கணும்வே" என்றார். அவர் வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அவர் அண்ணாச்சியைப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் காலமானபோது அண்ணாச்சி மாலையோடு வந்து, கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றிருந்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சியை உடைத்துப் போட்டது மாப்பிள்ளை சொன்ன வார்த்தைதான். அந்தப் பையன் சண்டை ஒன்றும் போடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலேயே சொல்லியிருந்தால் நான் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன் என்று கேட்டிருக்கிறான். இதை என்னிடம் சொல்லும்போது அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கோமதி தாய்வீட்டில் தங்குவதே கிடையாது. காலையில் வரும், சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பிவிடும். சண்முகத்தாய் காய்ச்சலில் கிடந்தபோதுகூட, பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில்தான் படுத்துக்கொண்டது.

போன வருடம் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். அந்தப் பாத்ரூமை இடிக்க வேண்டும், சார் முதலில் வைத்த மாதிரியே ஆக்கித் தர வேண்டும் என்றார். முட்டி வலிக்கிறது என்றேன். நாற்காலி போட்டுத் தருகிறேன், உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள் என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து செய்த ஒரே வேலை அதுதான். அலமாரியைப் பெயர்த்தோம், கறுத்த பூச்சைச் செங்கல் தெரியும் மட்டும் கொத்தி எடுத்தோம். பாத்ரூமை இடித்து, சந்து விட்டு ஓரமாகத் தள்ளி வைத்தேன், வாசுதேவநல்லூர் வீட்டில் செய்த மாதிரி. மேற்கு ஜன்னல் திரும்ப வந்தது. வெளியே புங்கமரம் இத்தனை வருடத்தில் நன்றாக வளர்ந்து, ஜன்னலுக்காகவே காத்துக்கொண்டிருந்த மாதிரி நின்றது. சுண்ணாம்பு அடித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி அண்ணாச்சி தொட்டித் தொட்டியாகக் கிண்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

ஆடித் தபசுக்குக் கோமதி மகளோடு வந்தது. அண்ணாச்சி என்னையும் வரச் சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்ட பிறகு, மகளை அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பாரு மக்கா, சாரு வச்ச மாதிரியே வச்சிருக்கேன். இங்கன நின்னு பாரு" என்று சொல்லிக்கொண்டே மடியில் இருந்து ஊதுபத்தியை எடுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து, வேண்டாம் அண்ணாச்சி என்பதற்குள் கொளுத்திவிட்டார். சார் அந்தப் பரீட்சையை ஆள் குடிவருவதற்கு முன்னால்தான் வைப்பார். ஆள் நிற்கும்போது, அதுவும் புகை ஆகாத பிள்ளை வாசலில் நிற்கும்போது வைக்கிற பரீட்சை இல்லை அது. பாவம், அந்த மனிதர் அன்றைக்கு வாசல்படியில் நின்று பார்த்தது ஒன்றைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

கோமதி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றது. புகை எழுந்தது, கொஞ்சம் தயங்கியது, ஆடிக்காற்றுக்கு வளைந்து கிழக்கு ஜன்னலோடு போய்விட்டது. சார் இருந்திருந்தால் அப்போதே எழுந்து வெளியே வந்திருப்பார். அண்ணாச்சி மகள் முகத்தையே பார்த்தார்.

"புகை போவுதுப்பா. நல்லாத்தான் போவுது" என்றது கோமதி. சேலையை மூக்கில் இருந்து எடுக்கவில்லை. அதற்குள் பேத்தி உள்ளே ஓடிப்போய்க் கட்டிலில் ஏறி, கோரைப்பாயில் மல்லாக்கப் படுத்துவிட்டது. "எந்திரிட்டி, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று அதன் அம்மா வெளியே நின்றபடியே கூப்பிட்டது. கோபமாக இல்லை, அன்பாகத்தான் கூப்பிட்டது. பிள்ளை இறங்கி வந்தது. பையை எடுத்துக்கொண்டு, சண்முகத்தாயிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அண்ணாச்சி அவர்களை வாசல் வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பாயில் பேத்தி படுத்த இடம் கசங்கியிருந்தது, அதை நீவிவிடவில்லை. பத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"காத்து நல்லாப் போவுதுல்லா, முத்தையா?"

"போவுது அண்ணாச்சி" என்றேன்.